கைப்பற்றும் அதிகாரமும் திறந்து பார்க்கும் அதிகாரமும்: பள்ளிகளில் மாணவர் அந்தரங்கம்

தமிழ்நாட்டுப் பள்ளி வளாகங்களுக்குள் மாணவர் கைப்பேசி கொண்டுவரக் கூடாது என்பது நெடுநாளாக நடைமுறையில் உள்ள விதி. அதை மீறும் மாணவரிடமிருந்து வகுப்பாசிரியர் கைப்பேசியை வாங்கித் தலைமையாசிரியரிடம் ஒப்படைப்பதும், அது அலுவலகப் பீரோவில் சில நாள் இருப்பதும், பெற்றோர் வந்து எழுதிக்கொடுத்துவிட்டு அதைத் திரும்பப் பெறுவதும் தருமபுரி மாவட்டப் பள்ளிகளுக்கும் பிற மாவட்டப் பள்ளிகளுக்கும் பொதுவான வழக்கங்கள். இந்த வரிசையில், வாங்குவதற்கும் பீரோவில் வைப்பதற்கும் இடையே, இன்னொரு செயலும் சில வேளைகளில் நுழைந்துவிடுகிறது: மாணவரிடம் கடவுச்சொல்லைக் கேட்டோ அவர் விரலைத் திரைமீது வைக்கச் செய்தோ கைப்பேசியைத் திறந்து, அதிலுள்ள செய்திகளையும் படங்களையும் அழைப்புப் பட்டியலையும் ஆசிரியர் பார்ப்பது. முதற்செயல் கைப்பற்றல், இரண்டாவது செயல் சோதனை. ஒன்றைச் செய்ய அதிகாரம் பெற்றவர் மற்றொன்றையும் செய்யலாம் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், சட்டத்தின் நோக்கில் இவை வெவ்வேறு செயல்கள் என்பதும், இவற்றைப் பிரித்துப் பார்க்கும் கட்டாயம் தருமபுரி போன்ற மாவட்டத்தில் கூடுதலாக இருக்கிறது என்பதும் இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்துகள்.

கைப்பேசியை வளாகத்துக்குள் தடுப்பதற்குப் பள்ளிக்கு நியாயம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடங்கள் கல்வித் தொலைக்காட்சிக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் மாறின. அதுவரை ஸ்மார்ட்போன் வாங்காத குடும்பங்களும் பிள்ளையின் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கின. 2021 செப்டம்பரில் மேல்வகுப்புகளும் நவம்பரில் மற்ற வகுப்புகளும் மீண்டும் திறக்கப்பட்டபோது, பள்ளியே பழக்கப்படுத்திய கருவியைப் பள்ளியே தடுக்க வேண்டிய நிலை வந்தது. 2022 மே மாதத்தில், மாணவர் கொண்டுவரும் கைப்பேசி பறிமுதல் செய்யப்படும், திருப்பித் தரப்படாது என்று பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி அறிவித்தார். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்த சாதி வன்முறைக்குப் பிறகு அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை தந்த நீதியரசர் கே. சந்துரு குழுவும் பள்ளி வளாகத்தில் மாணவர் கைப்பேசி பயன்படுத்துவதைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. பிரான்ஸ் 2018இல் சட்டம் இயற்றியே பள்ளிகளில் கைப்பேசிக்குத் தடை விதித்தது. ஆகவே தடை என்பது விவாதத்துக்குரிய ஒன்றாக இருந்தாலும் முறையற்ற ஒன்று அன்று.

ஆயினும் கைப்பற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 300அ உறுப்பு. பீரோவில் வைக்கப்பட்ட கைப்பேசியின் உரிமை பள்ளிக்கு மாறிவிடுவதில்லை. பள்ளி அதைப் பாதுகாத்துவைத்து உரியவரிடம் ஒப்படைக்கும் பொறுப்பை ஏற்கிறது என்பதே சட்டநிலை. திருப்பித் தரவே மாட்டோம் என்பது எச்சரிக்கையாகப் பயன்படலாம். சட்டப்படி நிலைப்பது கடினம். பொருளின்மீதே இவ்வளவு வரையறுக்கப்பட்ட அதிகாரம் உடைய பள்ளிக்கு, அப்பொருளுக்குள் இருக்கும் செய்திகளின்மீது என்ன அதிகாரம் இருக்க முடியும் என்பதே அடுத்த கேள்வி.

அந்தரங்க உரிமை என்பது, ஒருவர் தம் உடல், குடும்பம், நட்பு, நம்பிக்கை, கடிதப் போக்குவரத்து ஆகியவை பற்றிய செய்திகளை யாரிடம் எந்த அளவுக்கு வெளிப்படுத்துவது என்பதைத் தாமே முடிவுசெய்யும் உரிமை. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் ஆதார் திட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று, உயிர்வாழும் உரிமையையும் தனிமனித விடுதலையையும் கூறும் 21ஆம் உறுப்பில் இவ்வுரிமை அடங்கியுள்ளது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இவ்வுரிமையில் அரசு தலையிட வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதிய முதன்மைத் தீர்ப்புரை வகுத்தது. அத்தலையீட்டுக்கு ஒரு சட்டத்தின் அடிப்படை இருக்க வேண்டும். அதற்கு நியாயமான பொதுநோக்கம் இருக்க வேண்டும். நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டாமல் அது அமைய வேண்டும். மூன்றாவது நிபந்தனையை அளவுப்பொருத்தம் எனலாம். அரசுப் பள்ளி அரசின் ஓர் உறுப்பு, அதன் தலைமையாசிரியர் அரசு ஊழியர் என்பதால் இந்த மூன்று நிபந்தனைகளும் அவரை நேரடியாகவே கட்டுப்படுத்துகின்றன. தனியார் பள்ளிகளும் முற்றிலும் விலகி நிற்க முடியாது. 19, 21 ஆகிய உறுப்புகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 ஜனவரி 3 அன்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

பள்ளிச் சோதனையை இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால் முதல் நிபந்தனையிலேயே அது நின்றுவிடுகிறது. 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் மாணவரின் கைப்பேசியைத் திறந்து பார்க்க ஆசிரியருக்கு அதிகாரமளிக்கும் பிரிவு ஏதும் இல்லை. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு, மாறாக, உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. நோக்கம் என்ற இரண்டாம் நிபந்தனையும் எளிதில் நிறைவேறுவதில்லை. விதிமீறல், கைப்பேசியை வளாகத்துக்குள் கொண்டுவந்ததோடு முழுமையாகிவிடுகிறது. அதை நிரூபிக்க உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தேவையே இல்லை. மூன்றாம் நிபந்தனையைப் பொறுத்தவரை, புத்தகப் பையைச் சோதிப்பதற்கும் கைப்பேசியைச் சோதிப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னாலே போதும்: பையில் அன்றைய நாளின் பொருள்கள் இருக்கும்; கைப்பேசியில் பல ஆண்டுகளின் பேச்சும் படமும் போக்கும் வரவும் இருக்கும்.

மாணவர் வயது குறைந்தவர், ஆகவே அவருக்கு அந்தரங்கம் என்று தனியே ஒன்று இல்லை என்னும் வாதமும் நிற்காது. 1989இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆம் உறுப்பு, குழந்தையின் அந்தரங்கத்திலும் குடும்பத்திலும் கடிதப் போக்குவரத்திலும் சட்டவிரோதமாகத் தலையிடக் கூடாது என்கிறது. 1992 டிசம்பரில் இந்தியா அதில் இணைந்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தன் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாகக் குழந்தையின் அந்தரங்கத்தையும் இரகசியக் காப்பையும் 3ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. புட்டசாமி வழக்கில் தனித் தீர்ப்புரை எழுதிய நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், குழந்தைகள் அறியாப் பருவத்தில் இணையத்தில் விட்டுச்செல்லும் தடங்களுக்காக வாழ்நாள் முழுவதும் விளைவுகளைச் சுமக்கக் கூடாது என்ற பொருள்படத் தனியே குறிப்பிட்டார். வயது குறைவு பாதுகாப்பைக் கூட்டுவதற்குரிய காரணமாகவே இவ்விடங்களில் எல்லாம் கொள்ளப்படுகிறது.

இதற்கு எதிராகப் பள்ளிகள் முன்வைக்கும் வலுவான வாதம், பள்ளி நேரத்தில் ஆசிரியர் பெற்றோரின் இடத்தில் நிற்கிறார் என்ற பழைய சட்டக் கோட்பாடு. பிள்ளையின் நலனுக்காகப் பெற்றோர் செய்யக்கூடியதை ஆசிரியரும் செய்யலாம் என்பது அதன் சாரம். மாணவரின் பாதுகாப்பு, கவனிப்பு, ஒழுங்கு ஆகியவற்றில் இக்கோட்பாடு இன்றும் பொருந்தும். ஆனால் இது பெற்றோரின் அன்பிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் பிறந்த அதிகாரம். அரசு ஊழியர் ஒருவர் அரசு அலுவலகத்தில் அமர்ந்து செய்யும் சோதனைக்கு அது முழு உரிமம் ஆகாது. மேலும், தருமபுரி மாவட்டத்தில் மாணவர் கையிலுள்ள கைப்பேசி பெரும்பாலும் மாணவருடையதே அன்று என்பது இவ்வாதத்தை இன்னும் பலவீனப்படுத்துகிறது.

2011 கணக்கெடுப்பில் 68.54 விழுக்காட்டோடு எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி மாவட்டமாக இருந்தது தருமபுரி. மழையை நம்பிய புன்செய் நிலமும் குறைந்த தொழில்வாய்ப்பும் உள்ள பென்னாகரம், ஏரியூர், அரூர், சித்தேரி மலைப் பகுதிகளிலிருந்து பெங்களூருவின் கட்டட வேலைக்கும் திருப்பூரின் பின்னலாடை வேலைக்கும் பெற்றோர் சென்றுவிட, பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு தங்கிப் படிப்பது இங்கே வழக்கம். அத்தகைய வீட்டில் ஒரே கைப்பேசிதான் இருக்கும். அதன் சிம் அட்டை தந்தை பெயரில் இருக்கும். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லும், நூறு நாள் வேலைக் கூலி வந்த செய்தியும், சுயஉதவிக் குழுக் கடன் தவணை நினைவூட்டலும், ஊரிலில்லாத தாய் பாட்டிக்கு அனுப்பிய குரல்பதிவும் அதே கருவியில் வந்துசேரும். அதைத் திறக்கும் ஆசிரியர் ஒரு மாணவரின் ஒழுக்கத்தைச் சோதிப்பதாக எண்ணிக்கொண்டு ஒரு குடும்பத்தின் வரவு செலவையும் சண்டை சமாதானத்தையும் படிக்கிறார். அக்குடும்பத்தினர் எவரும் எந்தப் பள்ளி விதியையும் மீறியவர்கள் அல்லர்.

இதனினும் ஆழமான காரணம் ஒன்று இம்மாவட்டத்தின் அண்மை வரலாற்றில் இருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பகுதியின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த இருவர் காதலித்து மணம் செய்துகொண்டதும், அதைத் தொடர்ந்து பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டதும் அவ்வன்முறைக்கு உடனடிக் காரணங்களாகக் காட்டப்பட்டன. 2013 ஜூலை 4 அன்று அந்த இளைஞர் தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்புறம் ரயில் பாதையருகே பிணமாகக் கிடந்தார். யார் யாரை விரும்புகிறார் என்ற செய்தி மூன்று ஊர்களை எரிக்கப் போதுமானதாக இருந்த மண்ணில், பதினோராம் வகுப்பு மாணவி ஒருவரின் கைப்பேசியில் உள்ள நான்கு வரிச் செய்தியைப் படித்து, அதைப் பெற்றோரிடம் சொல்வதைச் சாதாரண ஒழுங்கு நடவடிக்கையாகக் கருத இயலாது. சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் சொல்லப்பட்ட செய்தி தலைமையாசிரியர் அறையோடு நிற்பதில்லை. அது வீட்டுக்கும், வீட்டிலிருந்து உறவுக்கும், உறவிலிருந்து சாதிக்கும் போகிறது.

அதன் விளைவை முதலில் சுமப்பவர் பெண்பிள்ளை. குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியாத மாவட்டங்களுள் தருமபுரி ஒன்று. கைப்பேசியில் ஒரு பையனின் பெயர் இருந்தது என்ற ஒரு சொல்லே, படிப்பை நிறுத்தி அவசரமாக மாப்பிள்ளை பார்க்கும் முடிவுக்குப் போதுமான காரணமாகிவிடலாம். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அத்திருமணத்தைத் தடுக்கிறது. ஆனால் அதைத் தடுக்க 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ, 14417 என்ற பள்ளிக் கல்வித்துறை உதவி எண்ணையோ அழைக்க அந்த மாணவிக்குத் தேவைப்படும் கருவி பீரோவில் இருக்கும். சந்துரு குழு, மாணவரின் சாதி வருகைப் பதிவேட்டில் இடம்பெறக் கூடாது என்றும் பரிந்துரைத்ததன் நோக்கம், பள்ளி தன் கையிலுள்ள செய்தியாலேயே மாணவருக்குத் தீங்கு வரவழைத்துவிடக் கூடாது என்பதே. கைப்பேசிச் செய்திகளுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

சோதனை ஆசிரியருக்கும் ஆபத்தானது என்பது பலர் அறியாத செய்தி. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரியவரின் அனுமதியின்றி ஒரு கணினியையோ தகவல் தொடர்புக் கருவியையோ அணுகுவதையும் அதிலிருந்து படியெடுப்பதையும் இழப்பீட்டுக்குரிய செயலாக்குகிறது. அச்சட்டத்தின் 67ஆ பிரிவும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவும், பதினெட்டு வயது நிறையாதவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்குகின்றன. இத்தகைய படத்தைத் தனிமையில் வைத்திருந்து பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் அளித்த தீர்ப்பை உச்சநீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று நீக்கி, 15ஆம் பிரிவின் எல்லையை விரிவாக விளக்கியது. மாணவர் கைப்பேசியில் அத்தகைய படத்தைக் கண்ட ஆசிரியர், சாட்சிக்காக என்று எண்ணி அதைத் தம் கைப்பேசியில் படம்பிடித்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால், குற்றத்தைக் கண்டுபிடித்தவர் என்ற நிலையிலிருந்து குற்றம் சாட்டப்படக்கூடியவர் என்ற நிலைக்கு அவர் வந்துவிடுகிறார். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்கோ சிறப்பு இளைஞர் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும் என்கிறது. அக்கடமையை நிறைவேற்றப் படத்தைப் பரிமாறத் தேவையில்லை.

2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இங்கே கருதத்தக்கது. பதினெட்டு வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் என வகுத்து, அவர்களுடைய தரவைக் கையாளுவதற்கு முன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலை அச்சட்டம் கேட்கிறது. படிப்படியாக நடைமுறைக்கு வரும் இச்சட்டம், குழந்தையின் தரவு கவனமாகத் தொட வேண்டிய ஒன்று என்ற பொதுக்கொள்கையை நாடு ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

பிற நாடுகளின் அனுபவம் இரு வகைப்படும். அமெரிக்க உச்சநீதிமன்றம் 1985இல் நியூ ஜெர்சி மாணவி ஒருவரின் கைப்பை சோதனையிடப்பட்ட வழக்கில், பள்ளிச் சோதனைக்குப் பிடியாணை போன்ற நீதிமன்ற ஆணை தேவையில்லை, ஆனால் சோதனையைத் தொடங்க நியாயமான ஐயம் இருக்க வேண்டும், சோதனையின் அளவும் அந்த ஐயத்தோடு பொருந்த வேண்டும் என்றது. 2006இல் பென்சில்வேனியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, மாணவரிடமிருந்து விதிப்படி கைப்பேசியை எடுத்தது சரி என்றும், பின்பு அதிலிருந்து மற்ற மாணவர்களை அழைத்ததற்கும் செய்திகளைப் பார்த்ததற்கும் அந்த விதிமீறல் நியாயமாகாது என்றும் பிரித்துக் காட்டியது. 2014இல், கைது செய்யப்பட்டவரின் கைப்பேசியைக் கூடக் காவல்துறை நீதிமன்ற ஆணையின்றிப் பொதுவாகச் சோதிக்க முடியாது என்று அதே நாட்டின் உச்சநீதிமன்றம் அறிவித்தது. இங்கிலாந்து வேறு வழியில் சென்றது: அங்கே 2011ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தக்க காரணம் இருந்தால் கைப்பற்றிய கருவியின் உள்ளடக்கத்தை ஆராயப் பள்ளிக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரம் நல்லதா என்பது வேறு கேள்வி. சட்டமோ நீதிமன்றமோ வகுத்த எல்லைக்குள் மட்டுமே அது உண்டு என்பதை இரு நாடுகளும் வெவ்வேறு வழிகளில் ஒப்புக்கொள்கின்றன. இந்தியாவில் காவல்துறைக்கே இத்தகைய கட்டுப்பாடுகள் வந்துள்ளன. கைப்பேசியைச் சோதிக்கப் பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2021 மார்ச்சில் வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. காவல் ஆய்வாளருக்கு இல்லாத சுதந்திரம் வகுப்பாசிரியருக்கு இருக்க முடியாது.

ஆசிரியர்களின் அச்சமும் கற்பனையன்று. 2023 மார்ச்சில் பாலக்கோடு அருகே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் மாணவர்கள் மேசை நாற்காலிகளை உடைத்த காட்சி கைப்பேசியில் பதிவாகி மாநிலமெங்கும் பரவியது. சிலர் தற்காலிகமாக நீக்கப்பட்டனர். வகுப்பறையில் ஆசிரியையைத் தெரியாமல் படம்பிடித்தல், மாணவியின் படத்தைத் திரித்துப் பரப்புதல், போதைப்பொருள் விற்பவரோடு தொடர்பு ஆகியவை பள்ளிகள் அன்றாடம் அஞ்சும் நிகழ்வுகள். இத்தகைய வேளைகளில் பள்ளி கைகட்டி நிற்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை; கருவியைத் திறக்காமலேயே பள்ளி செய்யக்கூடியவை பல உள்ளன என்பதே கூறத்தக்கது. கைப்பேசியை மாணவர் கையாலேயே அணைக்கச் செய்து, உறையிலிட்டு ஒட்டி, மாணவரும் ஆசிரியரும் மேலே கையொப்பமிட்டு, பதிவேட்டில் தேதியும் நேரமும் எழுதி வைத்தால், வெறும் விதிமீறலுக்கு அதுவே போதும். குறிப்பிட்ட குற்றம் பற்றி ஒருவர் புகார் கூறினால், அதே உறையைத் திறக்காமல், பெற்றோருக்குத் தெரிவித்துக் காவல்துறையிடமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமோ ஒப்படைக்கலாம். திறக்காத கருவியே நீதிமன்றத்தில் கறைபடாத சான்றாகும். தற்கொலை முயற்சி, கடத்தல் போன்று உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும்போது மட்டும், தலைமையாசிரியரும் இன்னோர் ஆசிரியரும் உடனிருக்க, மாணவி எனில் ஆசிரியை ஒருவர் கட்டாயம் இருக்க, ஆபத்தைத் தவிர்க்கத் தேவையான அளவுக்கு மட்டும் பார்த்து, பார்த்ததை எழுத்தில் பதிவுசெய்யலாம். தற்செயலாகக் கண்ணில்பட்ட காதல் செய்தியோ குடும்பச் செய்தியோ எவரிடமும் போகக் கூடாது.

இவ்வளவும் ஒரு பக்கத்தில் எழுதக்கூடிய விதிகள். பள்ளிக் கல்வித்துறை மாநிலம் முழுவதற்கும் ஓர் அரசாணையாக இவற்றை வெளியிடுவதே சிறந்தது. அதுவரை, பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு ஒவ்வொன்றும் தன் அடுத்த கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி, பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கல்வியாண்டின் தொடக்கத்தில் மாணவருக்குப் படித்துக்காட்டலாம். கைப்பேசியை வளாகத்துக்கு வெளியே நிறுத்தும் அதிகாரம் பள்ளிக்கு உண்டு. அதற்குள் இருப்பதைப் படிக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்தாலும் அதற்குத் தரப்படவில்லை. தருமபுரியின் தலைமையாசிரியர்களும் பெற்றோரும் இந்த வேறுபாட்டைத் தம் பள்ளிகளில் எழுத்தாக்கி நடைமுறைப்படுத்த முன்வர வேண்டும்.